இறங்கித் தள்ளலாம்

கிருஷ்ணகிரி டோல்கேட்டிலிருந்து குருபரப்பள்ளி வரைக்கும் ஒன்றும் தெரியாது. மேலுமலை வந்ததும்தான் சாலை தன் குணத்தைக் காட்டும். காரில் போகிறவர்களுக்கு அங்கே ஓர் ஏற்றம் இருப்பதே தெரியாது. டிரைவர் ஒரு கியர் குறைப்பார், அவ்வளவுதான். கிரானைட் கல் ஏற்றிய லாரிகளுக்குத் தெரியும். அன்று காலை பதினொரு மணிவாக்கில் எனக்கும் தெரிந்தது.

கன்னியாகுமரியில் கிளம்பி அது ஐந்தாம் நாள். 600 கிலோமீட்டருக்கு மேல் மிதித்தாகிவிட்டது. ஓசூருக்கு இன்னும் முப்பது சொச்சம்தான். கிருஷ்ணகிரியைவிட ஓசூர் 350 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்தின் கணக்கை மேலுமலையில்தான் முதலில் தீர்க்க வேண்டும். தொடை கல்லாகிவிட்டது. கையுறைக்குள் விரல் மரத்துப்போய் பிரேக் எங்கே இருக்கிறது என்று கண்ணால் பார்த்துத்தான் பிடிக்க வேண்டியிருந்தது. பக்கத்தில் வந்த எங்கள் கம்பெனி டூல் ரூம் தம்பி என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னான்: “முடியலன்னா இறங்கித் தள்ளிக்கலாம்ணா. யாரு பாக்கப் போறா?”

இறங்கினேன். வெள்ளைக் கோட்டுக்கு இந்தப் பக்கம், உருக்குலைந்த டயர் துண்டுகளும் தண்ணீர் பாட்டில்களும் கிடந்த ஓரத்தில், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தேன். இறங்கிய அந்த நொடியில் உடம்பு முழுக்கப் பரவிய நிம்மதி இருக்கிறதே, அதை நான் மறக்கவில்லை. கூடவே மூன்று மாதத்துக்கு முன் கேன்டீனில் ஒருவர் கேட்ட கேள்வியும் ஞாபகம் வந்தது.

“பணந்தான வேணும்? நேரா குடுத்துட்டுப் போயேன். அதுக்கு எதுக்குய்யா கன்னியாகுமரியிலேர்ந்து சைக்கிள் மிதிக்கணும்?”

கேட்டவர் கிண்டலாகத்தான் கேட்டார். ஓசூரில் அந்தக் கிண்டல் நியாயமானது. 1980-ல் டிவிஎஸ் 50 மொபெட் பிறந்த ஊர் இது. இன்றைக்கும் சுற்றுவட்டாரத்தில் பெட்ரோல் வண்டி, மின்சார வண்டி, லாரி என்று உருளுவதெல்லாம் தயாராகிறது. மனிதன் மிதிக்காமல் போவதற்கு வழி செய்தே பிழைக்கிற ஊரில் ஐம்பத்தேழு வயதில் ஒருவன் ஹெல்மெட்டும் இறுக்கமான கால்சட்டையும் போட்டுக்கொண்டு கிளம்பினால் சிரிக்கத்தான் செய்வார்கள். என் மனைவி சிரிக்கவில்லை. கால்சட்டையை மட்டும் வெளியே கொடியில் காயப்போடக் கூடாது என்று சொல்லிவிட்டாள்.

கேன்டீன் கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இல்லை. மேலுமலையில் ஒரு பாதி கிடைத்தது. மிச்சத்தை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் கம்பெனியில் கான்ட்ராக்ட்டில் வேலை பார்த்த ஒருவனின் மகனிடமிருந்து இது தொடங்கியது. வேப்பனப்பள்ளிப் பக்கத்துக்காரன். பையனுக்கு ஆறு வயது. காய்ச்சல் விடாமல் வந்து, உதட்டில் ரத்தம் பூத்து, கடைசியில் ரத்தப் புற்று என்று சொன்னார்கள். ஓசூர், கிருஷ்ணகிரிக்காரர்களுக்குப் பெரிய வியாதி என்றால் பெங்களூருதான். முத்துலட்சுமி ரெட்டி 1954-ல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரி நமக்குப் பெருமை. ஆனால் இங்கிருந்து சென்னை 300 கிலோமீட்டருக்கு மேல். பெங்களூரின் கித்வாய் ஆஸ்பத்திரியோ எங்கள் ஊர்ப் பெயரில் இருக்கிற சாலையிலேயே இருக்கிறது. வாட்ச்மேனிடம் கன்னடத்தில் நாலு வார்த்தை பேசவும் எங்களுக்குத் தெரியும். ஆகவே எல்லைக்கு அந்தப் பக்கம் போவது என்பது எங்கள் ஊரில் பஸ் ஏறுவது மட்டும்தான்.

அந்த பஸ்தான் பிரச்சினை என்று எனக்குத் தெரியாமல் போயிற்று.

குழந்தைகளுக்கு வருகிற ரத்தப் புற்றில் பெரும்பாலான வகைக்கு வைத்தியம் இரண்டு, இரண்டரை வருஷம் நீள்கிறது. முதல் ஒரு மாதம் கடுமையாக இருக்கும். அதோடு நோய் பெரும்பாலும் அடங்கிவிடும். முடி முளைக்கும். பையன் விளையாடுவான், சோறு கேட்பான். அங்கேதான் வினை. அடங்கியது ஒழியவில்லை, மிச்சமிருப்பதை ஒழிக்கத்தான் அடுத்த இரண்டு வருஷமும். ஆனால் வீட்டில் இருப்பவர்களுக்குக் கண்ணில் தெரிவது ஓடி விளையாடுகிற பிள்ளை. ஒவ்வொரு முறை பெங்களூரு போகும்போதும் அப்பனுக்கு ஒரு நாள் கூலி போகிறது. அம்மா போனால் வீட்டில் இருக்கிற இன்னொரு குழந்தையை யாரிடமாவது விட வேண்டும். விடியற்காலை பஸ் பிடித்துப் போய் ரத்தம் கொடுத்துக் காத்திருந்தால், கவுண்ட் ஏறவில்லை, இன்றைக்கு ஊசி போட முடியாது, அடுத்த வாரம் வாருங்கள் என்பார்கள். அது மருத்துவர்களின் குற்றமில்லை. வெள்ளணு எண்ணிக்கை குறைந்திருக்கும்போது மருந்து ஏற்றினால் பிள்ளை தாங்காது. ஆனால் வேப்பனப்பள்ளிக்குத் திரும்பி வருகிற பஸ்ஸில் அந்த நாள் வெறும் நாளாகத்தான் தெரியும்.

டீ நேரத்தில் ஒரு நாள் அவனிடம் “பையன் எப்படி இருக்கான்?” என்று கேட்டேன்.

“நல்லாத்தான் இருக்காண்ணா. வுட்டுட்டோம்.”

“என்ன வுட்டுட்டீங்க?”

“போறத.”

டீ கிளாஸை அலம்பி வைத்துவிட்டுப் போய்விட்டான். மருந்துக்குப் பணமில்லை என்று சொல்லியிருந்தால் எனக்குப் புரிந்திருக்கும். மருந்துச் செலவில் பெரும்பகுதியை ஏதேதோ திட்டத்தில் ஆஸ்பத்திரியிலேயே பார்த்துக்கொண்டார்கள். நின்றுபோனது போக்குவரத்து. உலகம் முழுக்க வருஷத்துக்குச் சுமார் நான்கு லட்சம் குழந்தைகளுக்கும் பதின்வயதினருக்கும் புற்றுநோய் வருகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். பணக்கார நாடுகளில் 80 சதவீதத்துக்கு மேல் பிழைத்துவிடுகிறார்கள். ஏழை, நடுத்தர நாடுகள் பலவற்றில் அது 30 சதவீதத்தைத் தொடுவதில்லை. இதற்கு அவர்கள் சொல்கிற காரணங்களில் ஒன்று, வைத்தியத்தைப் பாதியில் விட்டுவிடுவது. அதைப் படித்தபோது, அலம்பி வைத்த டீ கிளாஸ்தான் எனக்கு ஞாபகம் வந்தது.

பிறகு யார் யாரோ பேசி அவர்களைத் திரும்ப அனுப்பினோம். அதற்குள் ஐந்து மாதம் போயிருந்தது. அதற்கு மேல் அந்தப் பையனைப் பற்றி எழுத அவன் அப்பனிடம் நான் அனுமதி கேட்கவில்லை. எழுதவில்லை.

அவன் ஏன் எங்களிடம் கேட்கவில்லை? எனக்கு இதுதான் வெகுநாள் உறுத்தியது. ஐநூறு பேர் வேலை செய்கிற இடம். ஆளுக்கு நூறு ரூபாய் போட்டால் ஒரு வருஷத்து பஸ் செலவு.

பதில் கிடைத்தது நாங்கள் பணம் திரட்ட ஆரம்பித்த பிறகுதான். சைக்கிள் பயணம் போகிறோம், பாதியில் நிற்கிற குழந்தைகளின் போக்குவரத்துக்கும் தங்கலுக்கும் சாப்பாட்டுக்கும் இந்தப் பணம் என்று, மிதிக்கக் கிளம்பிய பதினான்கு பேரும் அவரவர் வட்டத்தில் சொன்னோம். என் போனுக்குப் பணம் வரத் தொடங்கியது. 501. 1,001. 251. ஜிபேயில் பணம் அனுப்பும்போதுகூட அந்த ஒரு ரூபாயை யாரும் விடவில்லை. பெயர்களை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே வந்தவன் மூன்றாம் பக்கத்தில் நிறுத்தினேன். நான் எழுதிக்கொண்டிருந்தது மொய் நோட்டு. இவர் மகள் கல்யாணத்துக்குப் போனேன். இவர் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குச் செய்தேன். இவர் அப்பா கருமாதிக்கு தருமபுரி வரைக்கும் போய் வந்தேன். இருபத்தெட்டு வருஷமாக நான் செய்த மொய் சைக்கிள் பெயரைச் சொல்லித் திரும்பி வந்துகொண்டிருந்தது. அவர்கள் அந்தக் குழந்தைகளுக்குக் கொடுக்கவில்லை. எனக்குச் செய்தார்கள்.

கான்ட்ராக்ட்டில் பதினோரு மாதத்துக்கு ஒருமுறை கம்பெனி மாறுகிறவனுக்கு மொய்க் கணக்கு எங்கே இருக்கும்? அவன் யார் கல்யாணத்துக்கும் அழைக்கப்பட்டதில்லை. அவனைக் கேட்டுப் பெறுகிற இடத்தில் நாங்கள் வைத்ததே இல்லை. கேட்டால் அது கடனாக இருக்காது, பிச்சையாகிவிடும். அவன் அதைச் செய்ய மாட்டான். பிள்ளையின் வைத்தியத்தை நிறுத்துவான், அதைச் செய்ய மாட்டான். வீம்பு என்று சிலர் சொன்னார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

ஆகவே கேன்டீன் கேள்விக்கு ஒரு பதில் இருக்கிறது. நேராகக் கொடுத்துவிட்டுப் போகலாம்தான். ஆனால் யாரும் போகவில்லை. ஒருவன் முட்டாள்தனமாக எதையாவது செய்துகொண்டு கை நீட்டினால்தான் பை திறக்கிறது. அந்த முட்டாள் நானாக இருந்தால், குழந்தையின் அப்பன் நீட்ட வேண்டியதில்லை.

இதை மேல்நாட்டுக்காரர்கள் ஒரு தொழிலாகவே செய்திருக்கிறார்கள். அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் 1980-ல் பில்லி ஸ்டார் என்பவர் 36 பேரோடு தொடங்கிய சைக்கிள் பயணம், முதல் வருஷம் திரட்டியது 10,200 டாலர். பாஸ்டன் டேனா ஃபார்பர் புற்றுநோய் நிலையத்துக்கு அது இதுவரை கொடுத்த தொகை நூறு கோடி டாலரைத் தாண்டிவிட்டது. பக்கத்தில் இலங்கையில் 2011-ல் தெற்கு முனையான தெய்வேந்திரமுனையிலிருந்து வடக்கே பருத்தித்துறை வரைக்கும் 670 கிலோமீட்டர் நடந்து, யாழ்ப்பாணம் தெல்லிப்பழையில் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் பணம் திரட்டினார்கள். போர் முடிந்து இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. தெற்கிலிருந்து வடக்குக்கு, வைத்தியத்துக்காக, நடந்து! ஐந்து வருஷம் கழித்து அதே வழியைத் திருப்பி நடந்து காலி கராப்பிட்டிய ஆஸ்பத்திரிக்கும் திரட்டினார்கள். எங்கள் பதினான்கு பேரின் நான்கு லட்சத்துச் சொச்சம் இவற்றின் முன் ஒன்றுமில்லை. ஆனாலும் படித்தபோது தெம்பாக இருந்தது. தெரு முனையில் தனியாகக் கத்திக்கொண்டிருப்பவனுக்கு அடுத்த தெருவிலும் கத்துகிறார்கள் என்று தெரிந்த மாதிரி.

பயணத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. நான்கு வழிச் சாலையில் ஐந்து நாள் போவது என்பது பெரும்பாலும் உட்காரும் இடத்தைப் பற்றிய கவலை. முதல் நாள் முப்பந்தல் காற்றாலைகளைத் தாண்டி கோவில்பட்டி. இரண்டாம் நாள் மதுரை தாண்டி திண்டுக்கல். மூன்றாம் நாள் நாமக்கல். நான்காம் நாள் சேலம் கடந்து தொப்பூர் கணவாயில் ஏறி தருமபுரி. பஞ்சர் ஏழு. ஒருவருக்கு வயிற்றுப்போக்கு. இரண்டு பேருக்குள் சண்டை, இன்னும் பேசவில்லை.

வாடிப்பட்டியைத் தாண்டி ஓர் இடம் மட்டும் சொல்ல வேண்டும். தைப்பூசத்துக்கு நாலைந்து நாள் இருந்தது. பழநிக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் பச்சையும் காவியுமாகச் சாலையோரம் நீளத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். எங்களைப் பார்த்து “அரோகரா” போட்டார்கள்; நாங்களும் போட்டோம். மோர்ப்பந்தலில் நின்றபோது ஓர் அம்மாள், அறுபது வயதிருக்கும், பாதத்தில் கிழிந்த துணியைச் சுற்றிக்கொண்டிருந்தவர், என் சைக்கிளை மேலும் கீழும் பார்த்தார்.

“எந்தக் கோயிலுக்குப்பா?”

“கோயில் இல்லம்மா. ஓசூருக்கு.”

“வேண்டுதலா?”

என்ன சொல்வது என்று தெரியவில்லை. “பிள்ளைங்களுக்காகம்மா. ஒடம்பு சரியில்லாத பிள்ளைங்க.”

“உம் பேரப்பிள்ளையா?”

“இல்ல. யாரோ பெத்த பிள்ளைங்க.”

அவர் துணியைக் கட்டி முடித்தார். “எம் பேரனுக்கு மூணு வருசம் முன்னாடி மஞ்சக்காமாலை கண்டு பொழைச்சான். அதுக்குத்தான் நடக்கறேன். இது மூணாவது வருசம், கடைசி.” கொஞ்சம் யோசித்துவிட்டு, “ஊரான் பிள்ளைக்கு நடந்தா முருகன் யாரு கணக்குல எழுதுவான்?” என்று கேட்டார். சிரிக்காமல்தான் கேட்டார். நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்பியவர் போலிருந்தது.

அன்று மாலை திண்டுக்கல் வரைக்கும் அதையே மென்றுகொண்டு போனேன். உடம்பை வருத்தி ஒரு பிள்ளைக்காகக் கேட்பது நமக்குப் புதிதில்லை. காவடி, மொட்டை, அலகு, மண்சோறு என்று நம் ஊரில் எத்தனை அம்மாக்கள் எதையெல்லாம் செய்திருக்கிறார்கள். சைக்கிள் பயணத்தின் ஜெர்சியையும் ஹெல்மெட்டையும் கழற்றிவிட்டால் உள்ளே இருப்பது காவடிதான். ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. அந்த அம்மாளின் கணக்கில் கொடுப்பவனும் வாங்குபவனும் தெளிவு. பிழைக்க வைத்தாய், நடக்கிறேன். மூன்று வருஷம் முடிந்தால் கடன் தீர்ந்தது. என் நடையில் யார் யாருக்குக் கடன்? நான் மிதித்ததால் எந்தப் பிள்ளையின் கவுண்ட்டும் ஏறப்போவதில்லை. என் வலி எந்தச் சந்நிதியிலும் செல்லுபடியாகாத நோட்டு. அதைப் பார்த்துவிட்டுப் பக்கத்து மனிதர்கள் செல்லுபடியாகிற நோட்டை எடுத்தார்கள் என்பதுதான் விஷயம்.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். எனக்கு அது பிடித்திருந்தது. விடியற்காலை நாமக்கல் தாண்டி, முட்டைக்கோழிப் பண்ணை வாசனையோடு பனி விலகுகிற நேரத்தில், சக்கரத்தின் சத்தத்தைத் தவிர ஒன்றும் இல்லாமல் போவது இன்பம். தியாகம் என்று யாரோ மைக்கில் சொன்னபோது எனக்கு வெட்கமாக இருந்தது.

கிளம்புவதற்கு முன் ஃபிளெக்ஸ் விஷயத்தில் பெரிய தகராறு. மொட்டைத் தலையும் மூக்கில் குழாயுமாக ஒரு குழந்தையின் படத்தை யாரோ கொண்டுவந்தார்கள். அது இருந்தால்தான் பணம் வரும் என்றார்கள். உண்மையாகவும் இருக்கலாம். அந்தப் பிள்ளை நாளை பிழைத்து, பத்தாவது படித்து, பழைய ஃபிளெக்ஸ் ஏதோ ஒரு டீக்கடை கூரையில் கிடப்பதைப் பார்த்தால் என்ன நினைக்கும் என்று கேட்டேன். ஒருவர் “மொதல்ல பொழைக்கட்டும்” என்றார். அதற்கும் என்னிடம் பதில் இல்லை. கடைசியில் குழந்தைப் படம் வேண்டாம் என்று முடிவாயிற்று. சரி, அந்த இடத்தில் யார் முகத்தைப் போடுவது? எங்கள் பதினான்கு பேரின் முகத்தைப் போட்டார்கள். கட்டைவிரலை உயர்த்திக்கொண்டு. அது எப்படியிருந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

மேலுமலைக்கு வருகிறேன். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஏறும்போது டெர்ரி ஃபாக்ஸை நினைத்தேன். கனடாவில் இருக்கிற நம் சனத்துக்கு இந்தப் பெயர் நன்றாகத் தெரியும். பதினெட்டு வயதில் எலும்புப் புற்றால் வலது காலை இழந்தவர். சிகிச்சையில் தன்னோடு இருந்தவர்களை, சின்னப் பிள்ளைகளை, மறக்க முடியாமல் 1980 ஏப்ரல் 12-ல் செயற்கைக் காலோடு நாட்டின் கிழக்குக் கரையிலிருந்து மேற்கே ஓடத் தொடங்கினார். நாளுக்கு ஏறத்தாழ ஒரு மாரத்தான் தூரம். 143 நாள், 5,373 கிலோமீட்டர். செப்டம்பர் 1-ல் தண்டர் பே ஊருக்கு வெளியே நிற்க வேண்டியதாயிற்று. புற்று நுரையீரலுக்கு வந்திருந்தது. அடுத்த ஜூனில் இறந்தார். வயது 22. இந்த வகைப் பயணங்களிலேயே உலகம் அதிகம் நினைவில் வைத்திருப்பது, முடிக்கப்படாத அந்த ஒன்றைத்தான். முடித்தவர்கள் எத்தனையோ பேர். யார் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்?

அவர் இறங்கவில்லை, இறக்கப்பட்டார். நானோ வலித்ததும் இறங்கினேன். பின்னால் டெம்போவில் தண்ணீர், வாழைப்பழம், முதலுதவிப் பெட்டி. இன்னும் முடியவில்லையென்றால் சைக்கிளையும் என்னையும் ஏற்றிக்கொள்வார்கள். ஃபிளெக்ஸில் என் முகம் இருக்கும். யாரும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்கள். நான் பட்ட கஷ்டம் நிஜம்தான், ஆனால் அதன் ஓரத்தில் எப்போதும் ஒரு கதவு திறந்தே இருந்தது. “போறத வுட்டுட்டோம்” என்று சொன்னவனுக்கும் அது கதவாகத்தான் தெரிந்திருக்கும்.

மனசுக்குள் ஒரு கணக்கு போட்டேன். கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூரு 90 கிலோமீட்டர். போக வர 180. முதல் மாதங்களில் வாரத்துக்கு ஒரு தடவை என்று வைத்துக்கொண்டாலும் நான்கே வாரத்தில் என் கன்னியாகுமரிப் பயணத்தைத் தாண்டிவிடுகிறது. முப்பது வாரத்தில் டெர்ரி ஃபாக்ஸின் தூரம். ஏழு மாதம். அதற்குப் பிறகும் ஒன்றரை வருஷத்துக்கு மேல் மிச்சம். மடியில் பிள்ளை, முழங்கையில் பரிசோதனைக் காகிதங்கள் அடைத்த மஞ்சப்பை, பக்கத்தில் யாராவது இருமினால் முந்தானையால் பிள்ளையின் முகத்தை மூடிக்கொண்டு. கவுண்ட் குறைந்திருக்கிற பிள்ளைக்குச் சாதாரண சளியே எமன்.

எல்லையோரத்தில் இருக்கிற இன்னொரு வேடிக்கையையும் இங்கே சொல்ல வேண்டும். 2021-லிருந்து தமிழ்நாட்டு டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. 2023-லிருந்து கர்நாடகத்திலும் அரசு பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை, அந்த மாநிலத்து முகவரி இருந்தால். வேப்பனப்பள்ளிக்காரிக்கு அத்திப்பள்ளிக்கு அந்தப் பக்கம் முகவரி இல்லை. இந்தப் பக்கம் பெங்களூரு போகிற பஸ் டவுன் பஸ் இல்லை. இரண்டு அரசாங்கமும் பெண்களை இலவசமாக ஏற்றிக்கொள்கிற காலத்தில், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எல்லை தாண்டுகிறவள் முழு டிக்கெட் எடுக்கிறாள். யாரையும் குற்றம் சொல்லவில்லை. எல்லை என்றால் அப்படித்தான்.

ஏற்றம் முடிந்ததும் சைக்கிளில் ஏறினேன். சூளகிரி சர்வீஸ் ரோட்டில் அரை நாளோடு பள்ளிக்கூடம் விட்ட நேரம். அரசாங்கம் பதினொன்றாம் வகுப்பில் கொடுக்கிற சைக்கிளில் இரண்டு பெண்கள், பின்சீட்டில் ஆளுக்கொருத்தியை ஏற்றிக்கொண்டு, புத்தகப் பையோடு என்னைத் தாண்டிப் போனார்கள். என் சைக்கிளுக்கு இருபத்திநான்கு கியர். அவர்களுடையதற்கு ஒன்று. தாண்டும்போது ஒருத்தி திரும்பிப் பார்த்து ஏதோ சொல்ல, நான்கு பேரும் சிரித்தார்கள். 2001-ல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கென்று தொடங்கி, பிறகு எல்லாருக்கும் என்று ஆன சைக்கிள் அது. அதற்குப் பத்து வருஷம் முன்னால் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத்தோடு சேர்த்து, ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது, கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் பழகினார்கள். தண்ணீருக்கும், வேலைக்கும், கைப்பிள்ளையை முன்னால் உட்கார வைத்து ஆஸ்பத்திரிக்கும் போவதற்கு அது வந்தது. போய்ச் சேருவதற்காக மிதிக்கிறவர்களுக்கு சைக்கிள் ஒரு சாமான், அவ்வளவுதான். பார்க்கப்படுவதற்காக மிதித்தவன் நான். சூளகிரிப் பெண்கள் சரியாகத்தான் சிரித்தார்கள்.

பேரண்டப்பள்ளியில், யானை கடக்கும் இடம் என்ற பலகைக்குப் பக்கத்தில் எல்லாரும் நின்று, பிந்தியவர்களுக்காகக் காத்திருந்து, ஒன்றாக ஊருக்குள் நுழைந்தோம். பட்டாசு. மேளம். ஆளுக்கொரு பொன்னாடை. வியர்வை காயாத உடம்பில் அந்த ஜிகினாத் துணி ஒட்டிக்கொண்டு அரித்தது. ஐந்து பேர் பேசினார்கள். பணத்தைக் காசோலையாக எழுதி, பெங்களூருவில் இப்படிப்பட்ட குடும்பங்களைப் பார்த்துக்கொள்கிறவர்களிடம் கொடுத்தோம். வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டுப் படுத்தேன். சாதித்துவிட்டேன் என்று தோன்றும் என்று எதிர்பார்த்திருந்தேன். தூக்கம்தான் வந்தது. திங்கட்கிழமை முதல் ஷிஃப்ட். கேன்டீனில் அதே ஆள், “என்ன, எறங்கித் தள்ளினியாமே?” என்றார். டூல் ரூம் தம்பி சொல்லிவிட்டான்.

மூன்று வாரம் கழித்து ஒரு வேலையாகப் பெங்களூரு போனேன். விடியற்காலை, ஓசூர் பஸ் ஸ்டாண்டு. கிருஷ்ணகிரியிலிருந்து வந்த பஸ்ஸில் ஏறி, இருந்த ஒரே காலி இடத்தில் உட்கார்ந்தேன். ஜன்னலோரம் ஒரு பையன், குல்லாவும் மாஸ்க்கும். நடுவில் அவன் அம்மா, மடியில் மஞ்சப்பை. கேட்க வேண்டியதே இல்லை.

ஜூஜூவாடி தாண்டும்போது கேட்டேன். “கவுண்ட் எப்படிம்மா இருக்கு?”

அந்த வார்த்தை எனக்கு எப்படித் தெரியும் என்பதுபோல் பார்த்தார். “போன வாரம் ஏறலன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. இன்னிக்கி ஏறியிருக்கணும்.” பிறகு, “முட்டை குடுத்துட்டுத்தான் இருக்கேன்” என்றார், நான் ஏதோ குறை சொன்ன மாதிரி.

பையன் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். சைக்கிள் கையுறை போட்டிருந்த இடம் வெளுப்பாகவும், மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை கறுத்தும் இன்னும் போகாமல் இருந்தது.

“தாத்தா, உங்க கை ஏன் ரெண்டு கலரா இருக்கு?”

“வெயில்ல சைக்கிள் ஓட்டினேன்.”

“எங்கருந்து?”

“கன்னியாகுமரியிலேர்ந்து.”

மாஸ்க்குக்கு மேலே அவன் கண் பெரிதாகியது. கொஞ்ச நேரம் ஜன்னல் பக்கம் திரும்பி அதை யோசித்தான். அத்திப்பள்ளி வந்துவிட்டது. மறுபடியும் என் பக்கம் திரும்பினான்.

“ஏன், பஸ் இல்லியா?”

அவன் அம்மா “டேய்” என்று தொடையில் தட்டினார்.

இருந்தது என்றேன்.